ஏழாயிரம் தடவை

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுச் சந்திப்பில், 2026 ஜனவரியில், பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டுள்ளது.)



"அமெரிக்காவிலிருந்து வந்திருக்கே, பத்து நிமிஷம் ஏதாவது பேசு" என்று செயலாளர் சொன்னார். ஏதாவது என்றால் என்ன சார் என்று கேட்டேன். "வேலைவாய்ப்பு, விசா, இந்த மாதிரிதான்" என்றார். விசாவைப் பற்றி என்னைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் இந்த ஹாலில் ஐம்பது பேராவது இருப்பீர்கள். அதனால் நான் ஒரு பாஸ்போர்ட்டைப் பற்றிப் பேசப் போகிறேன். அது என்னுடைய பாஸ்போர்ட் இல்லை.

முதலில் தொழிலிலிருந்து ஆரம்பிக்கிறேன். நான் மெக்கானிக்கல். பத்து வருஷமாக ஹூஸ்டன் நகரில் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைகளின் குழாய்களுக்கு ஸ்ட்ரெஸ் கணக்குப் போடுகிறேன். குழாய் சூடானால் நீளும், குளிர்ந்தால் சுருங்கும். இது எட்டாம் வகுப்புப் பாடம். ஒரு தடவை நீண்டு சுருங்கினால் எந்தக் குழாயும் உடைந்துவிடாது. ஆனால் தினமும் நீண்டு தினமும் சுருங்கினால் ஒரு நாள் வெல்டு ஓரத்தில் மயிரிழை போல ஒரு விரிசல் தெரியும். கட்டுக்கம்பியைக் கட்டர் இல்லாதபோது நாம் என்ன செய்வோம்? மடக்கி நிமிர்த்தி, மடக்கி நிமிர்த்தி ஒடிப்போம் இல்லையா, அதேதான். இதற்கு ஃபெட்டீக் என்று பெயர். நமக்கு மூன்றாம் வருஷம் நடத்தினார்கள். நான் அன்றைக்குக் கடைசி பெஞ்சில் இருந்தேன்.

எங்கள் துறையில் ஏ.எஸ்.எம்.இ. பி 31.3 என்று ஒரு கோடு இருக்கிறது. அதில் 7000 என்று ஓர் எண் வரும். ஒரு குழாய் தன் ஆயுளில் 7000 தடவைக்குள் சூடாகிக் குளிர்ந்தால் அனுமதிக்கப்பட்ட அளவைக் குறைக்க வேண்டியதில்லை. அதைத் தாண்டினால் குறைத்துக்கொண்டே வர வேண்டும். சுமை என்னவோ அதே சுமைதான். தடவைகள்தான் கூடுகின்றன. தினம் ஒரு தடவை என்றால் 7000 தடவைக்கு சுமார் 19 வருஷம் ஆகும்.

இதை எனக்குச் சரியாகச் சொல்லிக் கொடுத்தது எங்கள் டீமின் மூத்த இன்ஜினியர், ஓர் அமெரிக்கப் பெண்மணி. பேரைச் சொல்ல அவங்களிடம் அனுமதி கேட்கவில்லை. அதனால் 'அந்த அம்மா' என்றே சொல்கிறேன். 2015 செப்டம்பரில் நான் போய் இறங்கியபோது வாடகைக்கு வீடு பார்த்துக் கொடுத்ததும், பழைய கார் வாங்கும்போது கூட வந்து பானெட்டைத் தூக்கிப் பார்த்ததும் அவங்கதான். என் முதல் கணக்கைச் சிவப்பு மையால் அடித்து ரத்தக்களரியாக்கி, "மறுபடி போடு" என்று திருப்பிக் கொடுத்ததும் அவங்கதான்.

இரண்டு மாதம் கழித்து, நவம்பர் 3-ம் தேதி, ஹூஸ்டனில் ஒரு வாக்கெடுப்பு. சம உரிமைச் சட்டம் ஒன்றை 2014 மே மாதம் நகர மன்றம் நிறைவேற்றியிருந்தது. ஹீரோ என்று சுருக்கமாகச் சொல்வார்கள். இனம், வயது, மதம், உடல் ஊனம், கர்ப்பம், ராணுவப் பணி என்று 15 காரணங்களைச் சொல்லி, இவற்றை வைத்து யாருக்கும் வேலையோ வீடோ மறுக்கக் கூடாது என்றது அந்தச் சட்டம். அந்தப் பதினைந்தில் ஒன்று பாலின அடையாளம். எதிர்த்தவர்கள் மற்ற பதினான்கைப் பற்றிப் பேசவே இல்லை. "பெண்கள் கழிப்பறையில் ஆண்களுக்கு இடமில்லை" என்ற ஒரே வாசகம்தான். டி.வி. விளம்பரத்தில் ஒரு பள்ளிக்கூடச் சிறுமி கழிப்பறைக்குள் போவாள், பின்னாலேயே ஓர் ஆள் நுழைவான். நூற்றுக்கு 61 பேர் எதிர்த்து வாக்களித்து அந்தச் சட்டத்தையே தூக்கிவிட்டார்கள்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு அந்த அம்மா வழக்கம்போல வந்து காப்பி போட்டாங்க. நான் புது ஆள். ஊர் நியாயம் தெரியாமல், "நேற்று ரிசல்ட் பார்த்தீங்களா?" என்று கேட்டேன். கப்பைக் கழுவிக்கொண்டே சொன்னாங்க: "பார்த்தேன். நான் எங்கே ஒண்ணுக்குப் போகலாம்னு இந்த ஊரில் பத்துப் பேரில் ஆறு பேர் ஓட்டுப் போட்டிருக்காங்க."

அப்போதுதான் எனக்கு விஷயம் தெரியும். அவங்க ஒரு திருநங்கை. அதற்குப் பல வருஷம் முன்பிருந்தே பெண்ணாக வாழ்கிறவங்க. கோர்ட் உத்தரவு, லைசென்ஸ், பாஸ்போர்ட் எல்லாம் முறைப்படி மாற்றி, வரி கட்டி, வீட்டுக் கடன் அடைத்து, ஞாயிற்றுக்கிழமை தோட்டத்தில் தக்காளி வளர்க்கிற ஒரு மனுஷி.

நண்பர்களே, எந்தக் கட்சி நல்ல கட்சி என்று சொல்ல நான் வரவில்லை. எனக்கு அந்த ஊரில் ஓட்டே கிடையாது. எதிர்த்து ஓட்டுப் போட்டவர்களில் என் பக்கத்து வீட்டுக்காரரும் ஒருவர். எனக்கு அப்பெண்டிசைடிஸ் வந்தபோது நடுராத்திரியில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனவர் அவர்தான். தன் பெண் குழந்தையை நினைத்து உண்மையாகவே பயந்துதான் ஓட்டுப் போட்டார். நான் சொல்ல வருவது வேறு. அரசியலில் ஒரு சின்னக் கூட்டத்தைப் பேசுபொருளாக வைத்துவிட்டால், அந்தக் கூட்டத்தில் ஒருத்தரின் செவ்வாய்க்கிழமை எப்படி இருக்கும்? அதைப் பத்து வருஷம் பக்கத்து மேஜையில் உட்கார்ந்து பார்த்தேன். அதைத்தான் சொல்கிறேன்.

எங்களுக்கு அடிக்கடி போர்ட் ஆர்தர் பக்கம் ஆலைகளுக்குப் போகிற வேலை இருக்கும். காரில் ஒன்றரை மணி நேரம். நான்தான் ஓட்டுவேன். அந்த அம்மா புறப்படுவதற்கு இரண்டு மணி நேரம் முன்பிருந்தே தண்ணீர் குடிக்க மாட்டாங்க. டெக்சாஸ் வெயில் நம்ம வேலூர் வெயிலுக்குச் சளைத்ததில்லை. "மேடம், தண்ணி" என்று பாட்டிலை நீட்டினால் "வேண்டாம்" என்பாங்க. எந்தப் பெட்ரோல் பங்கில் ஒரே ஆள் போய்த் தாழ் போட்டுக்கொள்கிற மாதிரி தனிக் கழிப்பறை இருக்கிறது என்று அந்தச் சாலை முழுக்க அவங்களுக்கு மனப்பாடம். இதனால் இரண்டு தடவை சிறுநீர்த் தொற்று வந்து ஜுரத்தில் படுத்தாங்க. அப்போது எந்தச் சட்டமும் அவங்களைத் தடுக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். யாராவது ஒருத்தர் அந்த விளம்பரத்தைப் பார்த்துவிட்டு அன்றைக்கு வீரத்தைக் காட்டினால் என்ன செய்வது என்ற பயம்தான்.

டெக்சாஸ் சட்டமன்றம் இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவைதான் முறையாகக் கூடும். ஒற்றைப்படை வருஷத்தில் ஜனவரியில் ஆரம்பித்து 140 நாள். நமக்கு அக்னி நட்சத்திரம் எப்போது வரும் என்று தெரிவது மாதிரி அவங்களுக்கு அது தெரியும். 2017-ல் கழிப்பறைச் சட்ட முன்வடிவு வந்தது. மேலவையில் தேறி, கீழவையில் நின்றுவிட்டது. கோடையில் சிறப்புக் கூட்டம் போட்டும் நிறைவேறவில்லை. "அதான் தோத்துப் போச்சே" என்று நான் சந்தோஷமாகச் சொன்னேன். "ஆமாம், தோத்துப் போச்சு. ஆனா எட்டு மாசம் ரேடியோவைத் திறந்தா என்னைப் பத்திதான் பேச்சு. அது எனக்கு வந்துபோனதுதானே?" என்றாங்க. குழாய்க் கணக்கில் சொன்னால், வெடிக்கவில்லை, சரி. ஆனால் ஒரு தடவை சூடாகிக் குளிர்ந்தாயிற்று. கணக்கில் ஒன்று கூடிவிட்டது.

2022 பிப்ரவரியில் மாநில ஆளுநர் ஒரு கடிதம் எழுதினார். அங்கே ஆளுநர் என்றால் மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிற ஆள், நம்ம முதலமைச்சர் மாதிரி. பால்மாற்றம் தொடர்பான சிகிச்சை பெறும் பிள்ளைகளின் பெற்றோரைக் குழந்தைக் கொடுமை என்ற பெயரில் விசாரிக்க வேண்டும் என்று குழந்தைகள் நலத் துறைக்கு உத்தரவு. எங்கள் அலுவலகத்தில் எலக்ட்ரிக்கல் பிரிவில் ஒருவர் இருந்தார். அவருடைய பதினைந்து வயதுப் பிள்ளை அப்படிச் சிகிச்சையில் இருந்தது. அன்றையிலிருந்து அவர் கையில் ஒரு நீல ஃபைல். டாக்டர் கடிதம், ஸ்கூல் டீச்சர் கடிதம், சர்ச் பாதிரியார் கடிதம், "இவர்கள் நல்ல பெற்றோர்" என்று பக்கத்து வீட்டுக்காரர் எழுதிய கடிதம். சாப்பிடப் போனாலும் அந்த ஃபைல் கூடவே வரும். யாராவது வீட்டுக் கதவைத் தட்டினால் காட்டுவதற்காம். 2023-ல் பதினெட்டு வயதுக்குக் கீழ் அந்தச் சிகிச்சையே கூடாது என்று சட்டம் நிறைவேறி, செப்டம்பர் 1 முதல் அமலுக்கு வந்தது. அந்தச் சிகிச்சையைப் பற்றி மருத்துவர்களும் மற்றவர்களும் அங்கே நிறைய வாதம் செய்கிறார்கள். அதற்குள் நான் போகவில்லை. எனக்குத் தெரிந்தது, அந்தக் குடும்பம் வீட்டை விற்று, பாட்டியை விட்டுவிட்டு, கொலராடோவுக்குப் போனது. எங்களுக்கு நல்ல ஒரு எலக்ட்ரிக்கல் இன்ஜினியர் போனார்.

இது ஒரு வீட்டுக் கதை மட்டுமில்லை. 2022-ல் அமெரிக்கா முழுவதும் 92,000-க்கும் மேற்பட்ட திருநர்களிடம் ஒரு கணக்கெடுப்பு நடந்தது. தங்கள் மாநிலத்துச் சட்டங்களால் வேறு மாநிலத்துக்குப் போகலாமா என்று யோசித்ததாகச் சொன்னவர்கள் நூற்றுக்கு 47 பேர். உண்மையிலேயே போய்விட்டவர்கள் 5 பேர். போகாத மற்றவர்கள் நிம்மதியாக இருந்தார்கள் என்று அதற்கு அர்த்தமில்லை. வயதான அம்மா இருப்பார், வீட்டுக் கடன் இருக்கும், பென்ஷனுக்கு நாலு வருஷம் பாக்கி இருக்கும்.

2024 ஆகஸ்டில் இன்னொன்று. கோர்ட் உத்தரவு கொண்டு வந்தாலும் ஓட்டுநர் உரிமத்தில் ஆண், பெண் என்பதை மாற்றக் கூடாது என்று மாநிலத்தின் பொதுப் பாதுகாப்புத் துறை நிறுத்தியது. அங்கே லைசென்ஸ்தான் எல்லாமே. நம்ம ஊர் ரேஷன் கார்டு, ஆதார் இரண்டும் சேர்ந்த மாதிரி. மருந்துக் கடை, பாங்க், விமானம், ஓட்டுச்சாவடி எல்லாவற்றுக்கும் அதைத்தான் நீட்ட வேண்டும். முகம் ஒன்று சொல்லி, கார்டு ஒன்று சொன்னால் கவுண்டரில் இருப்பவர் நிமிர்ந்து பார்ப்பார். பின்னால் கியூவில் நிற்பவர்கள் எட்டிப் பார்ப்பார்கள். அந்த இடத்தில் தன் சொந்த வரலாற்றை ஊரறியச் சொல்லியாக வேண்டும், ஒரு ஜுர மாத்திரை வாங்குவதற்கு.

அதே வருஷம் ஜனாதிபதித் தேர்தல். இவர்களைக் குறிவைத்து ஒரு தரப்பு போட்ட டி.வி. விளம்பரங்களுக்கு மட்டும் 20 கோடி டாலருக்கு மேல் செலவானதாகக் கணக்குச் சொல்கிறார்கள். அந்த நாட்டில் திருநர்கள் நூற்றுக்கு ஒருவர்தான். எங்கள் கேன்டீனில் பெரிய டி.வி. உண்டு. ஃபுட்பால் ஆட்டத்தின் நடுவே அந்த விளம்பரம் வரும். மேஜையில் எட்டுப் பேர் இருப்போம். அந்த அம்மாவும் இருப்பாங்க. முப்பது விநாடி எல்லோரும் தட்டைப் பார்த்துச் சாப்பிடுவோம். ஒருத்தரும் ஒன்றும் சொல்ல மாட்டோம். யாரும் கெட்டவர்கள் இல்லை. சங்கடப்பட்டோம், அவ்வளவுதான். கொஞ்ச நாளில் அவங்க தன் மேஜையிலேயே சாப்பிட ஆரம்பிச்சாங்க. ஏன் என்று நாங்கள் கேட்கவும் இல்லை.

இனி பாஸ்போர்ட்டுக்கு வருகிறேன். நம்ம தஞ்சாவூர்ப் பெரிய கோவிலைப் பற்றி நான் அவங்களிடம் நிறையப் பீற்றிக்கொண்டிருக்கிறேன். "கிரேன் இல்லாமல் அந்த உயரத்துக்குக் கல்லை எப்படி ஏற்றினாங்க? நேரில் பார்த்தே ஆகணும்" என்பாங்க. இந்த ஜனவரியில் என்னோடு வந்து, பொங்கலுக்கு எங்கள் வீட்டில் தங்கி, தஞ்சாவூர் பார்த்து, இந்தச் சந்திப்புக்கும் வருவதாக ஏற்பாடு. எங்கள் அம்மாவிடம் சொல்லிவிட்டேன். அம்மா புதுப் போர்வை எல்லாம் வாங்கி வைத்துவிட்டார்.

அவங்க பாஸ்போர்ட் 2026 ஏப்ரலில் முடிகிறது. இந்தியா வர ஆறு மாதமாவது பாக்கி இருக்க வேண்டும். எனவே புதுப்பிக்க வேண்டும். 2025 ஜனவரி 20-ல் புது ஜனாதிபதி பதவியேற்ற அன்றைக்கே ஓர் உத்தரவு வந்தது. அதன்படி, இனிக் கொடுக்கிற பாஸ்போர்ட்டில் பிறப்பில் என்ன பாலோ அதுதான் இருக்கும். வழக்குப் போட்டார்கள். ஜூன் மாதம் பாஸ்டனில் ஒரு ஃபெடரல் நீதிபதி அந்த விதிக்குத் தடை போட்டு, பழையபடி கொடுக்கச் சொன்னார். அந்த அம்மா உடனே விண்ணப்பிக்க நினைச்சாங்க. ஆனால் செப்டம்பர், அக்டோபரில் கனடாவில் எங்களுக்கு ஒரு ஆலை ஷட்டவுன் வேலை. பாஸ்போர்ட்டை அனுப்பிவிட்டால் எப்போது திரும்பி வரும் என்று சொல்ல முடியாது. வேலையைத் திட்டமிட்டது நான். நான்தான் சொன்னேன்: "கோர்ட்டே சொல்லிடுச்சே மேடம், ஒண்ணும் ஆகாது. கனடா முடிச்சுட்டு வந்து போடுங்க."

கொஞ்ச நேரம் என்னைப் பார்த்துவிட்டு, "சரி, நீ சொல்றே" என்றாங்க.

2025 நவம்பர் 6-ம் தேதி, வழக்கு நடக்கும்போதே அந்த விதியை அரசு அமல்படுத்தலாம் என்று உச்ச நீதிமன்றம் அனுமதித்தது. நாங்கள் கனடாவிலிருந்து திரும்பி நாலு நாள்தான் ஆகியிருந்தது.

இப்போது விண்ணப்பித்தால் ஆண் என்று போட்டு வரும். அந்தப் பாஸ்போர்ட்டோடு சென்னை இமிக்ரேஷன் கவுண்டரில் நிற்க வேண்டும். திரும்பிப் போகும்போதும் நிற்க வேண்டும். "வேண்டாம்ப்பா, கோயில் ஆயிரம் வருஷமா நிக்குது, இன்னும் கொஞ்ச நாள் நிக்கும். நான் அப்புறம் வர்றேன்" என்றாங்க. என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் பரவாயில்லை.

'ஒண்ணும் ஆகாது' என்ற அந்த ஒரு வார்த்தையைத்தான் நினைத்துக்கொண்டே இருக்கிறேன். ஒன்றும் ஆகாதது எனக்கு. அதைச் சொல்ல எனக்குச் செலவே இல்லை. அவங்களுக்கோ ஒரு நாளைக்கு ஐந்து தடவை கழிப்பறை என்று வைத்துக்கொண்டாலே நாலு வருஷத்துக்குள் 7000 தடவை வந்துவிடுகிறது. இதில் கவுண்டர், கேன்டீன், ரேடியோ எதையும் சேர்க்கவில்லை. போன டிசம்பர் 4-ம் தேதியிலிருந்து அரசுக் கட்டடங்களில் பிறப்புப்படிதான் கழிப்பறை என்று டெக்சாஸில் சட்டமும் வந்துவிட்டது. மீறினால் அந்த நிறுவனத்துக்கு முதல் தடவை 25,000 டாலர் அபராதம், மறுபடி என்றால் 1,25,000. சனிக்கிழமை நூலகத்துக்குப் போய் நாலு மணி நேரம் உட்கார்ந்து படிக்கிறவங்க, இப்போது புத்தகத்தை எடுத்துக்கொண்டு பத்து நிமிஷத்தில் திரும்பிவிடறாங்க.

நல்லதும் சொல்ல வேண்டும். 2020 ஜூனில் உச்ச நீதிமன்றம், திருநர் என்பதற்காக ஒருவரை வேலையை விட்டு நீக்கக் கூடாது என்று தீர்ப்பளித்தது. எங்கள் கம்பெனியும் அவங்களை ஒரு நாளும் தொந்தரவு செய்யவில்லை. அதனால்தான் அவங்க இன்னும் அங்கே உட்கார்ந்து, எங்கள் கணக்கையெல்லாம் சிவப்பு மையில் அடித்துக்கொண்டிருக்காங்க.

கடைசியாக ஒன்று. அமெரிக்காக்காரனைக் குறை சொல்லிவிட்டு மேடையை விட்டு இறங்குவது சுலபம். எங்கள் செட் நண்பர்கள் முன் வரிசையில் இருக்கிறீர்கள். நம்ம ஹாஸ்டலில் இரண்டாம் வருஷம் மூன்றாம் மாடியில் ஒருத்தர் இருந்தார். ஞாபகம் இருக்கும். நடையைப் பார்த்துப் பேர் வைத்தோம். மெஸ்ஸுக்கு வந்தால் தட்டைத் தட்டி மேளம் அடித்தோம். நான் தலைவன் இல்லை, ஆனால் என் தட்டும் சத்தம் போட்டது. குளியலறையில் தண்ணீர் வருகிற காலை நேரத்தில் அவர் வரவே மாட்டார். ராத்திரி இரண்டு மணிக்குக் குளிப்பார். ஏன் என்று அன்றைக்கு நான் யோசிக்கவில்லை. போர்ட் ஆர்தர் ரோட்டில் தண்ணீர் பாட்டிலை நீட்டியபோதுதான் திடீரென்று விளங்கியது. மூன்றாவது செமஸ்டர் முடிந்து ஊருக்குப் போனவர் திரும்பி வரவில்லை. நல்லா டிராயிங் போடுவார். என் டிராயிங் ஷீட் இரண்டு அவர் போட்டுக் கொடுத்ததுதான்.

அதற்கு எந்தச் சட்டமும் தேவைப்படவில்லை, எந்தக் கட்சியும் தேவைப்படவில்லை. நாமே போதுமாக இருந்தோம்.

தமிழ்நாட்டில் 2008-ல் திருநங்கையருக்கு நல வாரியம் வந்தது. 2014 ஏப்ரல் 15-ல் நம் உச்ச நீதிமன்றம் அவர்களை மூன்றாம் பாலினமாக அங்கீகரித்து, தன் பாலினத்தைத் தானே சொல்லிக்கொள்ளும் உரிமை உண்டு என்று தீர்ப்புக் கொடுத்தது. நம் சங்கத்தின் உறுப்பினர் படிவத்தை நேற்று வாசலில் நிரப்பினேன். ஆண், பெண் என்று இரண்டே கட்டம். செயலாளர் அவர்களுக்கு என் வேண்டுகோள்: அடுத்த அச்சில் இன்னொரு கட்டம் போடுங்கள். பட்டம் வாங்காமல் பாதியில் போனவர்களையும் முகவரிப் பட்டியலில் சேருங்கள். அவர்கள் இப்போது என்ன பெயரில் இருக்கிறார்களோ அந்தப் பெயரிலேயே சேருங்கள். அவருடைய விலாசம் யாருக்காவது தெரிந்தால், கூட்டம் முடிந்ததும் என்னிடம் சொல்லுங்கள். அவருக்கு விருப்பம் உண்டா என்று கேட்டுவிட்டுத்தான் நான் போவேன். மன்னிப்புக் கேட்க வேண்டும். ஏற்றுக்கொள்வதும் கொள்ளாததும் அவர் இஷ்டம்.

அந்த அம்மாவுக்காக அம்மா வாங்கிய போர்வை எங்கள் வீட்டு பீரோவில் மடித்தபடி இருக்கிறது. "வரும்போது வரட்டும், இருக்கட்டும்" என்று அம்மா சொல்லிவிட்டார்.